நாள் தள்ளிப் போகுது, அடிக்கடி ஒன்னுக்கும் வருது: முதலில் எதைப் பார்க்கணும்?

மலைச்சாரல்

கம்பம், கூடலூர், போடிப் பக்கமிருந்து குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களிடம் இந்த ரெண்டு புகாரும் சேர்ந்தே வருது. வயசு 18-லிருந்து 30-க்குள். வீட்டில் கேட்டால் "உடம்புச் சூடு" என்கிறார்கள். மெடிக்கலில் கேட்டால் ஒரு பட்டை மாத்திரை. மலைக்கு மேலே போய்க் காட்டினால் டாக்டர் மலையாளத்தில் சொல்வது பாதிதான் புரியுது. ரெண்டும் ஒரே காரணத்தால் வருவதா, தனித்தனியா? எந்த வரிசையில் பார்த்தால் காசும் நாளும் வீணாகாது? விஷயம் தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். தோட்டத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டத்தான் கேட்கிறேன்.

செவிலி_பள்ளத்தாக்கு

ரெண்டும் சேர்ந்து வந்தால் முதல் சோதனை கர்ப்பம்தான். அதை முடிக்காமல் வேறு எதையும் தொடவே கூடாது. கரு தங்கிய சில வாரங்களிலேயே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடுகிறது, வடிகட்டுவதும் கூடுகிறது. கர்ப்பப்பையும் பெரிதாகி மூத்திரப்பை மேல் சாய ஆரம்பிக்கும். ஆறாவது வாரத்தை ஒட்டியே அடிக்கடி போக வேண்டியிருப்பது இதனால்தான். எரிச்சல் இருக்காது. சோர்வு, மார்பில் வலி, காலையில் குமட்டல் கூடவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கர்ப்பச் சோதனை அட்டையை (கிட்) வாங்கியவர்களில் பலர் தப்பாகப் பார்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது:

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். முந்தின ராத்திரி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், ஆரம்பக் கர்ப்பம் தெரியாமல் போகும். அட்டையின் குழியில் மூன்று சொட்டு (உங்கள் அட்டையில் வேறு எண்ணிக்கை இருந்தால் அது). அட்டையைச் சமதளத்தில் வைத்து மணியைப் பார்த்து 5 நிமிடத்தில் படிக்கணும். 10 நிமிடம் தாண்டினால் காய்ந்து ஒரு சாம்பல் கோடு விழும், அது கணக்கில்லை. மங்கலாக இருந்தாலும் ரெண்டாவதாக ஒரு நிறமுள்ள கோடு விழுந்தால் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளணும். 'சி' பக்கம் (கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு விழ வேண்டிய இடம்) கோடே வரவில்லை என்றால் அந்த அட்டை செல்லாது.

ஒரு கோடுதான் வந்தது, நாளும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி. மாதம் மாதம் ஒழுங்காக வராதவர்களுக்கு எந்த நாளில் வரணும் என்பதே தெரியாது. அவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் நம்பலாம். கிட்டுக்குக் காசு வேண்டாம், துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கேரளப் பக்கம் ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.

ஏலத்தூர்

கல்யாணம் ஆகாத பிள்ளையிடம் "கர்ப்பமா" என்று எடுத்ததும் கேட்டால் அவள் மறுபடி நம்மிடம் வரவே மாட்டாள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

செவிலி_பள்ளத்தாக்கு

அதனால்தான் கேள்வியாகக் கேட்பதில்லை. "நாள் தள்ளி வரும் எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு, உனக்கும் பார்த்துவிடலாம்" என்றால் போதும். சிறுநீர் பிடிக்க அவள் தனியாகத்தான் போவாள். பேச வேண்டியதை அந்த நேரத்தில் பேசலாம், முடிவையும் அவளிடம் தனியாகச் சொல்லலாம். அம்மாவை வெளியே அனுப்புவதும் ஒன்றும் கஷ்டமில்லை, "பேர் எழுதிட்டு வாங்கம்மா" என்றால் போய்விடுவார்கள்.

கர்ப்பம் உறுதியாகி, வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தாலும் சட்டம் வழி வைத்திருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். கல்யாணம் ஆனவளா இல்லையா என்பது தடையே அல்ல. 20-லிருந்து 24 வாரத்துக்குள் குறிப்பிட்ட நிலைகளில் அனுமதி உண்டு, அதில் கல்யாணமாகாத பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயசு நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், வீட்டார் கையெழுத்து தேவையில்லை.

மருந்துக்கட்டு

கடையில் நிற்பவன் பக்கத்து விஷயத்தை நான் சொல்கிறேன். "நாள் வர மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கை போகிற மருந்துகள் ரெண்டு: நார்எதிஸ்டிரோன் 5 மி.கி., மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி. சில நாள் சாப்பிட்டு நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளுக்குள் உதிரம் வரும். ஆனால் கர்ப்பமாக இருந்தால் வராது. வரவில்லையே என்று இன்னொரு பட்டை வாங்குவாள். இப்படியே ஆறு வாரம், எட்டு வாரம் கரைந்துவிடும். எப்போதும் கிட் முதலில், மாத்திரை பிறகு. அந்த மாத்திரையும் டாக்டர் சீட்டோடுதான்.

இதைவிட ஆபத்து, கருக்கலைப்பு மாத்திரை அட்டையை ஸ்கேன் இல்லாமல் வாங்கிப் போடுவது. அந்த மாத்திரை 9 வாரத்துக்குள்தான், அதுவும் கரு பைக்குள் இருந்தால்தான். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ரத்தப்போக்கு வந்ததைப் பார்த்து "சுத்தமாயிடுச்சு" என்று மலையேறிப் போய்விடுவாள். குழாய் உள்ளே வெடித்தால் தோட்டத்து நடுவில் மயங்கி விழுவாள். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டுவது இதெல்லாம் அதன் அடையாளம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. தமிழ்நாடு, கேரளா ரெண்டிலும் அதே எண்தான்.

நாள் தள்ளிப்போக வேறு மருந்துகளும் காரணமாகும். அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., போட்ட மாதம் ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ வரும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை நிறுத்தி ரெண்டு மூணு நாளில் வரணும், ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் கிட். வயிற்றுப் பொருமலுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் டோம்பெரிடோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி நாளை நிறுத்தும், மார்பில் பால் கசிய வைக்கும். மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோனும் அப்படித்தான், ஆனால் அதை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

செவிலி_பள்ளத்தாக்கு

மேலே விட்டுப்போனது: அரசு மருத்துவமனையில் போடும் 'அந்தரா' கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. அதில் நாள் நின்றுபோவது சகஜம், கெடுதல் இல்லை. 'சாயா' கருத்தடை மாத்திரை முதல் 3 மாதம் வாரத்துக்கு ரெண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அதிலும் நாள் தள்ளும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் மட்டும் கர்ப்பச் சோதனை செய்யணும். பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்கும் நாள் வராமலிருக்கலாம், ஆனால் நாள் வராமலேயே அடுத்த கரு தங்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வக_மேசை

சிறுநீர் பற்றி. முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிடலாம். மலைக்கு மேலே "மூத்ரத்தில் பழுப்பு" என்று டாக்டர் சொன்னால் நம்மவர்கள் சிறுநீர் பழுப்பு நிறமாயிருக்கு, மஞ்சள்காமாலை என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிக் கீழாநெல்லி அரைக்கிறார்கள். மலையாளத்தில் பழுப்பு என்றால் சீழ். அவர் சொன்னது சிறுநீர்த் தொற்று.

அடுத்து, மாதிரி எடுக்கும் முறை. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனை பாழாவது பெரும்பாலும் இங்கேதான். வெள்ளைபடுதல் கலந்தால் தொற்றே இல்லாதவளுக்கும் சீழணு தெரியும். ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல்கள் (தோலிலிருந்து உதிர்பவை) ஏராளம் என்று இருந்தால் மாதிரி சரியில்லை என்று அர்த்தம். கையைக் கழுவி, முன்பக்கமிருந்து பின்பக்கமாக வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்து, இதழ்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடிக்கணும். புட்டியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. 20, 30 மி.லி. போதும். வீட்டு ஜாம் பாட்டில் கல்ச்சருக்கு ஆகாது.

ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் கல்ச்சருக்குக் கொடுங்கள். ரெண்டு வேளை சாப்பிட்டுவிட்டு வந்தால் எதுவும் வளராது, எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாது.

தாய்மை_மருத்துவர்

மேலே எழுதியவை சரி. கர்ப்பம் இல்லை என்றான பிறகு நான் சொல்லும் அடுத்த வேலை, சிறுநீரை அளப்பது. "அடிக்கடி வருது" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வருகிறதா, ஒவ்வொரு தடவையும் நிறையவே வருகிறதா என்பதில்தான் வழி பிரிகிறது.

தோட்டத்தில் அளக்க முடியாது, லீவு நாளில் வீட்டில் செய்யலாம். பழைய ரெண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிடுங்கள். குழந்தைப் பால்புட்டியில் 100 மி.லி. தண்ணீர் அளந்து ஊற்றி வெளியே ஒரு கோடு, இன்னொரு 100 ஊற்றி அடுத்த கோடு, இப்படி 600 வரை போதும். ஞாயிறு காலை 6 மணிக்குப் போகும் முதல் சிறுநீரை விட்டுவிடணும். அதற்குப் பிறகு போவதெல்லாம், திங்கள் காலை எழுந்ததும் போவது உட்பட, மணியும் அளவும் எழுதணும். குடித்த தண்ணீர், டீ, கஞ்சி எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதணும்.

சாதாரணமாக ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு தடவை, தடவைக்கு 200-லிருந்து 400 மி.லி. தடவைக்கு 50, 80 என்றே வந்து எரிச்சலும் அவசரமும் இருந்தால் தொற்று. எரிச்சல் இல்லாமல் சிறிது சிறிதாக வந்தால் மூத்திரப்பையை எதுவோ அழுத்துகிறதா என்று பார்க்கணும்: சினைப்பைக் கட்டி, கர்ப்பப்பை நார்க்கட்டி, பல நாள் மலச்சிக்கல். நாளொன்றுக்கு மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் அது மூத்திரப்பைக் கோளாறு அல்ல. முதலில் சர்க்கரை பார்க்கணும்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், சாப்பிட்டு எந்நேரமானாலும் அறிகுறிகளோடு 200-ம் மேலும் இருந்தால் நீரிழிவு. இளம்பெண் ஒருத்தி சில வாரத்தில் வேகமாக மெலிந்து, தாகமெடுத்துக் குடித்து, ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, நாளும் நின்றிருந்தால் அது இன்சுலின் அடியோடு சுரக்காத முதல்வகை நீரிழிவாக இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, வாயில் பழவாடை வந்துவிட்டால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் இல்லாமல் உயிருக்கு ஆபத்து.

மலைச்சாரல்

ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று எழுதியிருக்கு, அதனால்தான் நீர் அடிக்கடி போகுது என்று பலர் சொல்கிறார்கள். அப்படியா?

தாய்மை_மருத்துவர்

அந்தப் பெயரே இவ்வளவு குழப்பத்தையும் செய்கிறது. பி.சி.ஓ.எஸ். (சினைப்பையில் முட்டை சரியாக முதிராத கோளாறு) என்பதைத் தமிழில் நீர்க்கட்டி என்று எழுதப்போய், சிறுநீரோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்கேனில் தெரிபவை 2 முதல் 9 மி.மீ. அளவுள்ள முட்டைப் பைகள். முதிர்ந்து வெடிக்காமல் நின்றுபோனவை. அவை மூத்திரப்பையை அழுத்தும் அளவுக்குப் பெரிதே அல்ல, அறுவை சிகிச்சையும் வேண்டாம். நாள் தள்ளிப் போக பி.சி.ஓ.எஸ். காரணம், அடிக்கடி சிறுநீர் போக அது நேர்க் காரணம் இல்லை. ஒரே ஒரு பாலம் உண்டு: இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் சர்க்கரை ஏறுவது. ஆகவே பி.சி.ஓ.எஸ். உள்ளவளுக்குச் சிறுநீர் கூடினால் சர்க்கரை பார்க்காமல் விடக் கூடாது.

இன்னொன்றும் சொல்லணும். வயசுக்கு வந்து 8 வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று சொல்லக் கூடாது என்று 2023 சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும். வயசுக்கு வந்த முதல் வருஷம் நாள் முன்னே பின்னே வருவது இயல்பு. அடுத்த ரெண்டு வருஷம் 45 நாள் வரை போகலாம். மூன்று வருஷத்துக்குப் பிறகும் 35 நாளைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தால் அல்லது எந்த வயதிலும் 90 நாளாகியும் வராவிட்டால் பார்க்கணும். முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ணணும்: மே 10 வந்து ஜூன் 14 வந்தால் 35 நாள். நின்ற நாளிலிருந்து எண்ணித்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

ஏலத்தூர்

தோட்டத்து வேலையையும் கணக்கில் எடுக்கணும். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிப் போகும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பறிக்கணும். விடியுமுன் ஜீப் ஏறும் பெண்கள் வழியில் இறங்க இடமில்லை என்று வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல் கிளம்புகிறார்கள். மறைவில்லாத இடத்தில் உட்கார முடியாமல் சாயங்காலம் வரை அடக்கிவைக்கிறார்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்குப் பயந்து புதர்ப் பக்கமே போவதில்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே சொன்னது. ஆனால் அது 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களுக்குத்தான் இருந்தது. சின்னத் தோட்டங்களில் கேட்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் விட்டதைச் சேர்த்து ஒரே மூச்சில் ரெண்டு லிட்டர் குடிக்கிறார்கள். ராத்திரி நாலு தடவை எழுவதற்கு அதுவே போதுமான காரணம்.

ஆய்வக_மேசை

ஏலத்தூர் சொன்னது சரி. கெட்டியான சிறுநீர் பல மணி நேரம் தேங்கினால் கிருமி பெருக வசதி. தொற்றில் பெரும்பாலும் வளர்வது ஈ.கோலை என்ற கிருமி, நம் குடலில் உள்ளதே. ஒன்று மட்டும் பிரித்துப் பார்க்கணும்: சிறுநீர்த் தொற்று நாளை நிறுத்தாது. தொற்றுக்கு மருந்து முடித்தும் நாள் வரவில்லை என்றால் காரணம் வேறு.

மருந்துக்கட்டு

தொற்றுக்கு நான் தினம் பார்க்கும் தவறு: எரிச்சல் குறைய சிரப் வாங்கி, குறைந்ததும் விட்டுவிடுவது. சிட்ரேட் சிரப் எரிச்சலைத்தான் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. டாக்டர் வழக்கமாக எழுதும் நைட்ரோஃப்யூரன்டாயின் 100 மி.கி. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 5 நாள், சாப்பாட்டோடு. ரெண்டாம் நாளே எரிச்சல் நிற்கும், அப்போது நிறுத்தினால் திரும்ப வரும். கர்ப்பமா என்று தெரியாமல் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் கேட்காதீர்கள். குளிர்நடுக்கக் காய்ச்சல், விலாவுக்குப் பின்னே இடுப்பில் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. மாத்திரையில் நிற்கிற விஷயமல்ல.

வைகைக்கரை

தினம் அஞ்சு லிட்டர் தண்ணீர் குடித்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். வெந்தயமும் இளநீரும் சேர்த்தால் சூடும் போகும்.

தாய்மை_மருத்துவர்

இளநீரில் தப்பில்லை. அஞ்சு லிட்டர் வேண்டாம். அதைக் குடித்தால் அஞ்சு லிட்டரும் வெளியே போகும், பிறகு அதையே நோய் என்று நினைப்போம். உழைக்கும் உடம்புக்கு ரெண்டரை, மூணு லிட்டரைப் பகல் முழுக்கப் பரப்பிக் குடிக்கணும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் உள்ளே போயிருக்கு.

"சூடு" என்று நம் பெண்கள் சொல்வதை நான் ஒதுக்குவதில்லை. எரிச்சல், தாகம், எடை குறைவது, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். கடைசி மூன்றும் சேர்ந்திருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்ப்பேன். அதிலும் நாள் குறையும், சிறுநீர் கூடும். சரியாகச் சாப்பிடாமல் எடை விழுந்தாலே மூளை நாளை நிறுத்திவிடும். போலீஸ் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம்.

ரெண்டு புகாரையும் ஒரே கயிற்றில் கட்டும் நோய் இன்னொன்று நம் நாட்டில் உண்டு: காசநோய். இருமலே இல்லாமல் சிறுநீரகத்திலும் கர்ப்பப்பையிலும் தங்கும். சிறுநீரில் சீழணு இருக்கு, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, ரெண்டு மூணு ஆன்டிபயாட்டிக் மாற்றியும் கடுப்பு போகவில்லை, நாள் வரவரக் குறைந்து நின்றுபோச்சு. இந்தக் கதையைக் கேட்டால் மூன்று நாள் விடிகாலைச் சிறுநீரைக் காசநோய்க் கிருமிக்கு அனுப்பணும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உள்சவ்வில் ஒரு துளி எடுக்கணும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். தாமதித்தால் குழாய் அடைத்துப் பிள்ளைப்பேறே சிக்கலாகும்.

அபூர்வமானது ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை சரியாக இருந்தும் நாளுக்கு அஞ்சாறு லிட்டர் போகுது, நாள் நின்றிருக்கு, விடாத தலைவலி, பக்கவாட்டில் வருவது தெரியாமல் இடித்துக்கொள்கிறாள் என்றால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிப் பக்கம் எம்.ஆர்.ஐ. எடுக்கணும்.

செவிலி_பள்ளத்தாக்கு

15, 16 வயசாகியும் பூப்படையாத பிள்ளை, மாதம் தவறாமல் அடிவயிற்று வலி, இப்போது சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருது அல்லது வரவே மாட்டேன் என்கிறது. இதைத் தொற்று என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கன்னித்திரை முழுவதும் மூடியிருந்தால் உதிரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே சேர்ந்து, வீங்கி, சிறுநீர்க் குழாயை அடைக்கும். சின்ன அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும்.

மலைச்சாரல்

நன்றி. கடைசியாக ஒன்று. மலைக்கு மேலேயிருந்து சிறுநீர் மாதிரியைக் கீழே கொண்டுவர பஸ்ஸில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுது. தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி என்றால் கானாவிலக்கு வரை போகணும். அதுவரை தாங்குமா?

ஆய்வக_மேசை

கல்ச்சருக்கு என்றால் சாதாரணச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கிருமி பெருகி எண்ணிக்கை பொய்யாகும். ஐஸ் கட்டி போட்ட டிபன் கேரியரில் புட்டியை நிமிர்த்தி வைத்து மூடினால் சில மணி நேரம் தாங்கும். ஐஸ்தண்ணீர் உள்ளே போகாதபடி புட்டியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிவிடுங்கள். மூடியில் பேர் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். புட்டி மேலேயே பேர், வயசு, எடுத்த மணி எழுதுங்கள். முடிந்தவள் நேரில் வந்து இங்கேயே கொடுப்பது நல்லது. அப்படி வந்தால் கடைசி நாள் வந்த தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, அளந்து எழுதிய தாள் மூன்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேனும் எழுதியிருந்தால் ஒரு மணி நேரம் முன்பு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, கூப்பிடும் வரை சிறுநீர் போகாமல் இருக்கச் சொல்லுங்கள்.